மண் இல்லாத ஆர்க்கிட்: சீன அறிஞர்களின் மை ஓவியத்தில் நம்மை இழுப்பது எது?

வெண்பலகை

வணக்கம். சீனத்துப் பழைய மை ஓவியங்கள் பற்றி ஒரு சந்தேகம். இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள் என்பதால் கேட்கிறேன்.

எங்கே தேடினாலும் ஒரே பட்டியல்தான் கிடைக்கிறது. மூங்கில் என்றால் வளைந்தாலும் ஒடியாத நேர்மை. பிளம் பூ என்றால் பனியிலும் பூக்கும் துணிவு. ஆர்க்கிட் என்றால் ஆள் இல்லாத காட்டிலும் மணக்கும் அடக்கம். சாமந்தி என்றால் பதவியை விட்டு ஒதுங்கி வாழ்வது. இந்த நான்கையும் ‘நான்கு சான்றோர்’ என்கிறார்கள். சரி, மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் எதுவும் நடப்பதில்லை. மூங்கில், நேர்மை, அடுத்த படம் என்று போய்க்கொண்டே இருக்கிறேன்.

பதினான்காம் நூற்றாண்டு ஓவியர் நி சான் வரைந்த ‘ரோங்ஷி குடில்’ என்ற படத்தை மட்டும் கடக்க முடியவில்லை. கீழே சில மெலிந்த மரங்கள், பக்கத்தில் ஆள் இல்லாத ஒரு கூரை. நடுவில் வெறும் காகிதம், அதுதான் ஏரி. மேலே தாழ்வான குன்றுகள். நிறம் கிடையாது, மனிதர் கிடையாது, பட்டியலில் உள்ள எந்தப் பூவும் கிடையாது. பிறகு எது இப்படிப் பிடித்து வைக்கிறது?

மைக்கூடு

பட்டியலைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். அதில் தவறு இல்லை, ஆனால் அது வாசல் அல்ல. அந்த நான்கு செடிகளும் ஒரு தொகுதியாக நிலைத்தது மிங் அரசின் (1368–1644) கடைசிக் காலத்தில்தான். அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே மூங்கில் வரைந்துகொண்டிருந்தவர்கள் பட்டியலைப் பார்த்து வரையவில்லை. ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுவதுபோல வரைந்தார்கள். என்னைக் கேட்டால் இந்த மரபு முழுவதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படமும் யாரோ யாருக்கோ எழுதியது. யார், யாருக்கு, எந்த நிலைமையில் என்று தெரிந்தால் மூங்கில் பேச ஆரம்பிக்கும்.

வென் தோங் (1018–1079) என்ற வட சொங் கால அதிகாரியிலிருந்து தொடங்குகிறேன். மூங்கிலுக்குப் பேர்போனவர். நாலா திசையிலிருந்தும் ஆட்கள் பட்டுத் துணியோடு வந்து வாசலில் நெருக்கியடித்து, ‘எனக்கொரு மூங்கில்’ என்று கேட்பார்களாம். ஒரு நாள் வெறுத்துப்போய் அந்தப் பட்டுத் துணியையெல்லாம் தரையில் வீசி, ‘இதில் காலுறை தைக்கப்போகிறேன்’ என்று திட்டினார். அப்புறம் தன் நண்பரும் உறவினருமான கவிஞர் சு ஷிக்கு (1037–1101) ஒரு கடிதம். ‘நம் மூங்கில் பள்ளி இப்போது உன் ஊருக்கு மாறிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், காலுறைத் துணி இனி உன் வீட்டில் குவியும்.’

இன்னொரு தடவை வென் தோங்கும் அவர் மனைவியும் மூங்கில் பள்ளத்தாக்கு ஒன்றுக்குப் போய், குருத்தைச் சுட்டு இரவுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சு ஷியின் கவிதை வந்து சேருகிறது. ஏழை அதிகாரியின் வயிற்றுக்குள் ஒரு மூங்கில் காடே இருக்கும் என்று கேலி. படித்ததும் சிரிப்பு வெடித்து வாயிலிருந்த சோறு மேசையெங்கும் சிதறியது.

1079 தொடக்கத்தில் வென் தோங் இறந்துபோனார். அதே ஆண்டு ஏழாம் மாதம் ஏழாம் நாள், ஹூஜோவில் சு ஷி தன் புத்தகங்களையும் ஓவியங்களையும் வெயிலில் உலர்த்துகிறார். நண்பர் கொடுத்த மூங்கில் படம் ஒன்று கையில் வருகிறது. சுருளை அப்படியே போட்டுவிட்டு வாய்விட்டு அழுதார். மேலே சொன்ன சாப்பாட்டுக் கதை, காலுறைக் கதை எல்லாம் அன்றைக்கு அவர் எழுதிவைத்த கட்டுரையில் இருப்பவைதான். ‘மூங்கில் வரைய வேண்டுமானால் முழு மூங்கிலும் முதலில் நெஞ்சுக்குள் இருக்க வேண்டும்; முயல் துள்ளப் பருந்து பாய்வதுபோல உடனே பின்தொடர வேண்டும், கொஞ்சம் தளர்ந்தால் போய்விடும்’ என்று ஓவியப் பள்ளிகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்தப் பாடமும் அந்த இரங்கல் கட்டுரைக்குள்தான் இருக்கிறது.

அந்தப் படத்தில் சு ஷி பார்த்தது ‘நேர்மை’ என்ற சின்னத்தையா? அவர் பார்த்தது நண்பரின் கையை.

செங்கழுநீர்

அருமை ஐயா. ஒரு அடிப்படைக் கேள்வி. ‘அறிஞர் ஓவியம்’ என்று தனியாக ஏன் பிரிக்கிறார்கள்? மற்ற ஓவியர்கள் அறிஞர்கள் இல்லையா?

மைக்கூடு

அரசுத் தேர்வுக்குப் படித்தவர்கள், தேறி அதிகாரி ஆனவர்கள், தேறாமல் ஊரில் தங்கிவிட்டவர்கள் ஆகியோரைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. பிழைப்புக்கு வரைகிற தொழில் ஓவியர்களும் அரண்மனைக் கலைக்கூடத்து ஓவியர்களும் வேறு. அறிஞர் ஓவியருக்கு வரைவது தொழில் இல்லை. கவிதை, எழுத்துக்கலை இவற்றோடு சேர்ந்த இன்னொரு வெளிப்பாடு. உருவ ஒற்றுமையை வைத்து ஓவியத்தை எடைபோடுகிறவர் குழந்தைக்கு அடுத்த வீட்டுக்காரர் என்று சு ஷி ஒரு கவிதையில் அடித்துச் சொன்னது அவர்களுக்கு வேதவாக்கு ஆயிற்று.

மிங் காலத்தில் தோங் ச்சிசாங் (1555–1636) வந்து எல்லாரையும் வடக்குப் பள்ளி, தெற்குப் பள்ளி என்று பிரித்தார். ஊர்த் திசைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை; ஜென் பௌத்தத்தின் இரண்டு கிளைகளிலிருந்து எடுத்த பெயர். தெற்கு என்றால் அறிஞர், உயர்ந்தது. வடக்கு என்றால் தொழில் ஓவியர், தாழ்ந்தது. இந்தப் பாகுபாடு பெரிய அநியாயம் என்பது என் கருத்து. மா யுவான், ஷியா குய் மாதிரி அபாரமான ஓவியர்களை முந்நூறு ஆண்டுகள் இரண்டாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டது.

கரிசல்

மைக்கூடு சொன்ன ‘கடிதம்’ என்ற பார்வைக்கு நான் ஒரு படத்தைச் சேர்க்கிறேன். ஜெங் சிஷியாவ் (1241–1318) வரைந்த ஆர்க்கிட். 1306 தேதியிட்டது. ஒசாகா நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சின்ன, அகலவாக்கான காகிதம். நடுவில் புல்போல நீண்ட சில இலைகள், இரண்டு பக்கமும் விரிந்து நிற்கின்றன. மிகக் கொஞ்சமாகப் பூ. அவ்வளவுதான். தரை இல்லை, பாறை இல்லை, வேரும் இல்லை. இலைகள் எங்கே தொடங்குகின்றனவோ அங்கே வெறும் காகிதம்.

இவர் தெற்குச் சொங் ஆட்சியில் வளர்ந்தவர். 1279இல் மங்கோலியர்கள் அந்த ஆட்சியை முழுவதுமாக முடித்தார்கள். அதன் பிறகு இவர் மங்கோலியர்களின் யுவான் அரசில் எந்த வேலைக்கும் போகவில்லை. உட்கார்ந்தாலும் படுத்தாலும் தெற்கு நோக்கித்தான், இழந்த அரசு இருந்த திசை அது. ஆர்க்கிட்டுக்கு ஏன் மண் வரையவில்லை என்று கேட்டதற்கு, ‘மண்ணை அந்நியர்கள் பறித்துக்கொண்டது உங்களுக்குத் தெரியாதா?’ என்று சொன்னதாக வழிவழியாகச் சொல்கிறார்கள்.

ஆர்க்கிட்டுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தது. பொ.ஆ.மு. 300 வாக்கிலேயே சூ நாட்டு அமைச்சர் ச்சூ யுவான், அரசனால் ஒதுக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டபோது தன் நெடுங்கவிதையில் ஆர்க்கிட்டை நல்லவர்களின் மணமாகப் பாடியிருக்கிறார். கடைசியில் ஆற்றில் இறங்கி உயிர்விட்டார். ஆக, ஆர்க்கிட் என்றாலே படித்த சீனருக்கு அந்த ஆள் நினைவுக்கு வருவார். ஜெங் சிஷியாவ் அதை எடுத்து மண்ணை மட்டும் கழித்துவிட்டார். அதே படத்தில் அவர் குத்திய முத்திரை ஒன்றில் ‘கேட்டால் கிடைக்காது, கேட்காவிட்டால் ஒருவேளை கொடுப்பேன்’ என்ற பொருளில் வாசகம் இருக்கிறது. செல்வாக்கு உள்ளவன் வந்து மிரட்டி வாங்க முடியாது என்று படத்திலேயே எழுதிவைத்துவிட்டார்.

அப்புறம் வெண்பலகை கேட்ட நி சான் இருக்கிறாரே, அவர் பின்னாளில் இவருடைய ஆர்க்கிட் பற்றி ஒரு கவிதை எழுதினார். இலையுதிர்காலக் காற்றில் ஆர்க்கிட்டெல்லாம் நாணலாகிப் போயின, இவர் நெஞ்சு மட்டும் மாறவில்லை, கண்ணீர் ஊற்றை மையில் கலந்து ச்சூ யுவானின் அந்தக் கவிதையையே எழுதினார் என்று. ச்சூ யுவான் தொடங்கியது, ஜெங் சிஷியாவ் வழியாக நி சானுக்கு வந்து சேர்கிறது. நடுவில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல். செடி மட்டும் அதே செடி.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மண் இல்லாமல் ஆர்க்கிட் வரைந்த வேறு ஓவியர்களும் உண்டு. வெறும் காகிதத்தில் ஒரு செடியை நிறுத்துவது மை ஓவியத்தில் சாதாரணம். கதை தெரியாதவருக்கு இதுவும் இன்னொரு செடிதான். அதனால்தான் சின்னம் படத்துக்குள் மட்டும் இல்லை என்கிறேன். சங்கப் பாட்டில் உள்ளுறை என்கிறோமே, கேட்பவருக்குத் திணை தெரிந்தால்தான் அது திறக்கும். இதுவும் அப்படித்தான்.

வெண்பலகை

கரிசல், இந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இலைகள் தொடங்கும் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றி.

ஆனால் கதை தெரியாமலேயே சில படங்கள் பிடித்துப்போகின்றனவே, அது எப்படி?

தாழைமடல்

அதற்கு நான் பதில் சொல்கிறேன். மை ஓவியம் பயின்று வருகிறேன், ஆகவே கைப்பக்கத்திலிருந்து.

மைக்கட்டி என்பது புகைக்கரியையும் விலங்குப் பசையையும் பிசைந்து அச்சில் இட்டு உலர்த்தியது. பைன் மரக் கரி என்றால் மங்கலான, லேசான நீலம் ஓடும் கறுப்பு. எண்ணெய்க் கரி என்றால் பளபளப்பு. மைக்கல்லில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு மைக்கட்டியை மெதுவாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். காகிதம் ஷுவான் காகிதம். அன்ஹுய் மாகாணத்து ஜிங் வட்டாரத்தில் நீலச் சந்தனம் என்று அவர்கள் சொல்லும் மரத்தின் பட்டையும் நெல் வைக்கோலும் சேர்த்துக் கையால் செய்வது. அந்தக் கைவினையை 2009இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பசை பூசாத காகிதம் மையைத் தொட்ட நொடியே உறிஞ்சிவிடும். அழிக்க முடியாது. மேலே இன்னொரு கோடு போட்டு மூடவும் முடியாது, போட்டால் இரண்டும் தெரியும்.

இப்போது மூங்கில் தண்டு. தூரிகையை வெளிர் மையில் முழுக்க ஊறவைத்து, நுனியை மட்டும் அடர் மையில் தொடுகிறோம். பிறகு கீழிருந்து மேல். அழுத்து, இழு, நிறுத்து. கொஞ்சம் இடம் விட்டு மறுபடி அழுத்து, இழு, நிறுத்து. ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு கணு. மூங்கில் வளர்வது எப்படியோ அப்படியேதான் கையும் போகிறது. மேலே போகப் போக மை தீர்ந்து, தூரிகை முடிகள் பிரிந்து, கோட்டுக்குள் வெள்ளை வெள்ளையாகக் காகிதம் எட்டிப் பார்க்கும். அதற்குப் ‘பறக்கும் வெண்மை’ என்று பெயர். அந்த வெண்மை தெரிந்தால் கை அங்கே வேகமாகப் போயிருக்கிறது. மை பரவி ஊறியிருந்தால் அங்கே தயங்கி நின்றிருக்கிறது.

எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் எங்கே மூச்சு விட்டார், எங்கே தயங்கினார், எங்கே துணிந்து இழுத்தார் என்பது இன்றைக்கும் காகிதத்தில் அப்படியே இருக்கிறது. நம் கண் அந்தக் கோட்டைத் தொடரும்போது நம் கையும் உள்ளுக்குள் தொடர்கிறது. வெண்பலகை, கதை தெரியாமலே உங்களைப் பிடிப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜாவ் மெங்ஃபு (1254–1322) பாறையும் மரமும் வரைந்த ஒரு சுருளில் இதைப் பாட்டாகவே எழுதினார். பாறைக்குப் பறக்கும் வெண்மை, மரத்துக்குப் பழைய முத்திரை எழுத்தின் கோடு, மூங்கிலுக்கு எழுத்துக்கலையின் எட்டு முறைகள். இது புரிந்தவருக்கு எழுத்தும் ஓவியமும் ஒன்றே என்று தெரியும். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது அந்தச் சுருள். பாறையின் விளிம்பைப் பாருங்கள், காய்ந்த தூரிகையை ஒரே இழுப்பாகச் சுழற்றியிருக்கிறார். கல்லின் சொரசொரப்பு முழுவதும் அந்த ஒரு இழுப்பில் வந்துவிட்டது.

ஆர்க்கிட் இலைக்கு இதைவிடக் கடினமான ஒழுங்கு. முதல் இலை ஒரு நீண்ட வளைவு. இரண்டாவது அதைக் குறுக்கே வெட்டி நடுவில் ஒரு கண் போன்ற இடைவெளியை உண்டாக்க வேண்டும். பீனிக்ஸ் பறவையின் கண் என்பார்கள். மூன்றாவது அந்தக் கண்ணைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். மகிழ்ச்சியில் ஆர்க்கிட் வரை, கோபத்தில் மூங்கில் வரை என்று ஒரு பழைய சொல் உண்டு. வரைந்து பார்த்தவர்களுக்கு அது உடனே விளங்கும். மூங்கில் இலை வெட்டாக இறங்க வேண்டும், ஆர்க்கிட் இலை மிதந்து போக வேண்டும்.

நேர்க்கோடு

எல்லாரும் உருகி எழுதுகிறீர்கள். நான் மறுபக்கத்தையும் வைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

முதலாவது, இது அதிகாரி வர்க்கம் தன்னைத்தானே பாராட்டிக்கொண்ட கலை. வரி வசூலித்தவர்களும் தண்டனை விதித்தவர்களும் மூங்கில் வரைந்து ‘நான் நேர்மையானவன்’ என்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். மூங்கில் வெட்டிக் கூடை முடைந்தவன் இந்தக் கதையில் எங்கே?

இரண்டாவது, தாழைமடல் மேற்கோள் காட்டிய ஜாவ் மெங்ஃபு யார்? சொங் அரச குடும்பத்தின் வாரிசு. அந்தக் குடும்பத்தின் ஆட்சியை அழித்த குப்ளாய் கானிடமே 1280களில் வேலைக்குப் போனவர். கரிசல் சொன்ன ஆள் மண் இல்லாத ஆர்க்கிட் வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில் இவர் பேரரசரின் அவையில். இவர் வரைந்த மூங்கிலும் நேர்மைதானா?

மூன்றாவது, பணம் வாங்காத கலை என்பது. மூங்கிலுக்குப் பேர்போன ஓவியர் ஜெங் பான்ச்சியாவ் 1759இல் விலைப்பட்டியலே எழுதி வெளியிட்டார். பெரிய சுருள் ஆறு தேல் (பழைய சீன எடை) வெள்ளி, நடுத்தரம் நான்கு, சிறியது இரண்டு, விசிறி அரை. பரிசுப் பொருளும் பலகாரமும் வேண்டாம், வெள்ளியே சிறந்தது என்றும் எழுதியிருக்கிறார். இன்றைக்கு வந்தால், 2018 நவம்பரில் ஹாங்காங் கிறிஸ்டீஸில் சு ஷி வரைந்ததாகச் சொல்லப்படும் ஒரு பட்ட மரமும் பாறையும் 46 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனது. அது அவர் கைதானா என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

மைக்கூடு

கோபம் எதற்கு நேர்க்கோடு, கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

பான்ச்சியாவிடமிருந்து தொடங்குகிறேன். அவர் விலைப்பட்டியல் எழுதியது பதவியை விட்ட பிறகு, யாங்ஜோ நகரத்தில், ஓவியம்தான் வருமானம் என்ற நிலையில். ‘மூங்கில் வாங்குவதைவிட மூங்கில் படம் வாங்க அதிகம் ஆகும்’ என்றும் அதே பட்டியலில் எழுதினார். ஒளிக்கவில்லை. அவருக்கு முன்னாலிருந்த அறிஞர் ஓவியர்கள் பலரும் விருந்தோம்பலுக்கும் மருந்துக்கும் உதவிக்கும் கைம்மாறாகப் படம் கொடுத்தவர்கள்தான். பான்ச்சியாவ் அதைத் தாளில் எழுதி வாசலில் ஒட்டினார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது.

உங்கள் முதல் கேள்விக்கும் அவரே பதில் வைத்திருக்கிறார். ஷான்டோங்கில் வெய் வட்டாரத்துக்கு அதிகாரியாக இருந்தபோது பஞ்சம். அப்போது மேலதிகாரிக்கு ஒரு மூங்கில் படம் வரைந்து அனுப்பினார். மேலே நான்கு வரி. அலுவலக அறையில் படுத்திருக்கிறேன், மூங்கில் சலசலக்கிறது. மக்கள் துன்பப்படும் குரலோ என்று ஐயப்படுகிறேன். நாங்கள் சின்ன வட்டார அதிகாரிகள்தான். ஆனாலும் ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு இலையும் எங்கள் மனத்தைத் தொடுகிறது. இந்தப் படம் ‘நான் நேர்மையானவன்’ என்று சொல்லவில்லை. ‘ஊர் பட்டினி கிடக்கிறது, கேளுங்கள்’ என்று மேலிடத்துக்குச் சொல்கிறது. பின்னால் பதவியை விட்டுப் போகும்போது ஊர் மக்களுக்கு இன்னொரு மூங்கில். ஒல்லியான ஒரு கிளையை வரைந்து எடுத்துக்கொள்கிறேன், இலையுதிர்கால ஆற்றங்கரையில் தூண்டில் கம்பாகும் என்று எழுதினார். அதே செடி, அதே கை. ஒன்று மனு, மற்றது விடைபெறல். பட்டியலில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் போட்டிருக்கும்.

கூடை முடைந்தவன் இந்தக் கலையில் இல்லை என்பது உண்மை. அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஜாவ் மெங்ஃபு விஷயம் சிக்கலானது. பின்னால் வந்தவர்கள் அவர் கோட்டிலேயே ஒரு குழைவைக் கண்டுபிடித்துக் குறைகூறினார்கள். ஆளைப் பிடிக்காததால் கோடு பிடிக்கவில்லையா, கோட்டில் உண்மையிலேயே அது இருந்ததா? எனக்கு அந்தக் கோடுகள் பிடிக்கும். கோட்டை வைத்து ஆளின் நடத்தைக்குச் சான்றிதழ் கொடுக்க முடியும் என்ற நம்பிக்கைதான் இந்த மரபின் பெரிய பலவீனம்.

செங்கழுநீர்

ஆண்கள் பெயர்தான் வந்துகொண்டிருக்கிறது. ஜாவ் மெங்ஃபுவின் மனைவி குவான் தாவ்ஷெங் (1262–1319) மூங்கிலில் கணவருக்கு இணையாகப் பேசப்பட்டவர். 1308 தேதியிட்ட அவருடைய நெடுஞ்சுருள் தைபெய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தனி மூங்கில் அல்ல, மழை மூட்டத்தில் ஆற்றங்கரை நெடுக மூங்கில் தோப்புகள். மிங் காலத்தில் நான்ஜிங்கின் மா ஷோஜென் (1548–1604) கணிகையாக இருந்தவர், ஆர்க்கிட்டுக்குப் பேர்பெற்றவர். ஆள் பார்க்காத இடத்தில் மணக்கும் பூ என்ற அதிகாரிகளின் சின்னத்தை, ஊரே வந்து பார்க்கும் வீட்டில் இருந்த ஒரு பெண் எடுத்துத் தனக்காக்கிக்கொண்டார். அவர் வரைந்ததை வாங்கிப்போனவர்கள் அதே அறிஞர்கள்.

கரிசல்

தேர்வில் தோற்றவர்களையும் மறக்க வேண்டாம். ஷு வெய் (1521–1593) மாகாணத் தேர்வை எட்டு முறை எழுதியும் தேறவில்லை. மனைவியைக் கொன்ற குற்றத்துக்காக ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தவர். அதை யாரும் அழகுபடுத்திச் சொல்ல முடியாது. அவருடைய மைத் திராட்சைப் படம் பெய்ஜிங்கில் இருக்கிறது. கொடி மேலிருந்து தொங்குகிறது, மை ஒழுகி இலையும் பழமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பாதி வாழ்நாள் தோல்வியிலேயே போய்க் கிழவனாகிவிட்டேன், தூரிகையிலிருந்து விழும் முத்துக்களை விற்க இடமில்லை, காட்டுக் கொடிக்குள் சும்மா வீசுகிறேன் என்று மேலே எழுதினார். திராட்சை எந்தப் பட்டியலிலும் சான்றோர் இல்லை. அவர் எழுதிய பிறகு அது அவருடைய சின்னம் ஆகிவிட்டது.

மைக்கூடு

சரி, வெண்பலகையின் நி சானுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

நி சான் (1301–1374) ஊஷியில் பெரும் பணக்காரக் குடும்பம். நூலகம், பழம்பொருள் சேகரிப்பு எல்லாம் இருந்தது. தோட்டத்து மரங்களைக் கழுவச் சொல்லும் அளவுக்குச் சுத்தம் பார்ப்பவர். யுவான் ஆட்சி சரிந்து கலகமும் வரிக்கொடுமையும் பெருகியபோது நிலபுலனை விட்டு வெளியேறி, தாய் ஏரிப் பக்கத்தில் படகிலும் கோயில்களிலும் நண்பர்கள் வீட்டிலுமாக ஆண்டுக்கணக்கில் திரிந்தார். அவர் படங்களில் திரும்பத் திரும்ப வருவது அந்த ஏரிக்கரைதான். முன்கரை, நீர், எதிர்க்கரை. ஆள் கிடையாது.

ரோங்ஷி என்றால் முழங்காலை மடக்கி வைக்க மட்டும் இடம் உள்ள சின்ன அறை. பழங்கவிஞர் தாவ் யுவான்மிங், பதவியை விட்டு வீடு திரும்பியபோது எழுதியதிலிருந்து வந்தது. நீங்கள் பார்த்த படத்தை நி சான் 1372இல் வரைந்தார். இரண்டு ஆண்டு கழித்து ஒரு நண்பர் அதே படத்தை எடுத்துவந்து, இதை ரென்ஜோங் என்ற மருத்துவருக்குக் கொடுக்கப்போகிறேன், ஏதாவது எழுதித் தாருங்கள் என்றார். ரோங்ஷி குடில் அந்த மருத்துவருடைய வீடு, நி சானின் சொந்த ஊரிலேயே இருந்தது. படத்தின் மேலே நி சான் எழுதியது இதுதான்: அது என் ஊர்; ஒரு நாள் திரும்பி வந்து அந்தக் குடிலில் ஏறி, கையில் மதுக் கிண்ணத்தோடு இந்தப் படத்தை விரித்து உமக்கு ஆயுள் வாழ்த்துச் சொல்வேன், அப்போது என் ஆசை நிறைவேறும்.

அந்த ஆண்டே இறந்துபோனார்.

வரைந்தபோது அது யாருடைய குடிலும் இல்லை, வெறும் ஏரிக்கரைக் கூரை. பெயரும் ஊரும் ஏக்கமும் இரண்டு ஆண்டு கழித்துத்தான் ஏறின. ஆனால் காலியான அந்தக் கூரை அவற்றுக்குத் தயாராக இருந்தது. இன்னொரு படத்திலோ ஆறு மரங்களை மட்டும் நிறுத்தினார், நண்பர் ஹுவாங் கோங்வாங் அதன்மேல் எழுதிய கவிதையால் அது ‘ஆறு சான்றோர்’ ஆனது. தன் மூங்கிலைப் பார்ப்பவர்கள் சணல் என்றாலும் நாணல் என்றாலும் நான் வாதாட முடியாது, என் நெஞ்சிலுள்ளதை எழுதினேன், அவ்வளவுதான் என்றவர் நி சான்.

தாழைமடல் சொன்னதையும் இதில் பார்க்கலாம். பாறைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். காய்ந்த தூரிகையைப் பக்கவாட்டில் இழுத்து, சட்டென்று கீழே மடக்கியிருக்கிறார். மடித்த நாடா என்று அந்தக் கோட்டு முறைக்குப் பெயர். எங்கேயும் அழுத்தவில்லை.

வெண்பலகை

மேலே இருக்கும் எழுத்தை இத்தனை நாளும் அலங்காரம் என்று தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

நேர்க்கோடு

மைக்கூடு, பான்ச்சியாவின் மனு எனக்குப் புதிது. ஏற்கிறேன். ஆனால் இப்படிப் படத்துக்குள் பொருள் தேடும் பழக்கத்துக்கு ஒரு கொடிய பக்கமும் உண்டு. சு ஷி நண்பரின் மூங்கிலைப் பார்த்து அழுத சில வாரங்களிலேயே கைது செய்யப்பட்டார். அவருடைய கவிதைகளில் அரசின் புதிய கொள்கைகளைக் கேலி செய்யும் உள்ளர்த்தம் இருக்கிறது என்று வரிவரியாக விசாரணை நடந்தது. உயிர் தப்பி ஹுவாங்ஜோவுக்கு நாடுகடத்தப்பட்டார். 1974இல் பெய்ஜிங்கில் ‘கறுப்பு ஓவியங்கள்’ என்று கண்டனக் கண்காட்சி வைத்தபோது ஹுவாங் யோங்யுவின் ஆந்தையும் அதில் இருந்தது. ஒரு கண் திறந்து ஒரு கண் மூடிய ஆந்தை, சோசலிசத்தைப் பழிக்கிறது என்றார்கள். மறைவாகப் பேசும் கலை இருந்தால் மறைவானதை மோப்பம் பிடிக்கிறவனும் இருப்பான்.

தாழைமடல்

அதனால்தான் அந்த மறைவு தேவைப்பட்டது, நேர்க்கோடு. வெளிப்படையாக எழுதினால் தலை போகும் என்ற இடத்தில் பட்ட மரமும் பாறையும் வரைகிறார்கள். கண்டனம் செய்தவர்களுக்கும் இந்த மொழி நன்றாகவே தெரிந்திருந்தது என்பதுதான் வேதனை.

செங்கழுநீர்

இன்னொன்று கேட்க வேண்டும். பல படங்களில் சிவப்பு முத்திரைகள் படத்தையே மறைக்கிற அளவுக்கு இருக்கின்றனவே? அவற்றையும் படத்தின் பகுதியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

மைக்கூடு

பெரும்பாலும் ஆம். கைமாறிய ஒவ்வொருவரும் ‘நானும் பார்த்தேன்’ என்று பதிவு செய்தார்கள். அளவு மீறிப் போனவர் பதினெட்டாம் நூற்றாண்டின் ச்சியென்லோங் பேரரசர். அதற்கு நல்ல சாட்சி ஹுவாங் கோங்வாங்கின் (1269–1354) ‘ஃபூச்சுன் மலை வாசம்’.

வூயோங் என்ற தாவோயிச நண்பருக்காக, எழுபது எண்பது வயதுக்கு இடையில் தொடங்கிய நெடுஞ்சுருள் அது. 1350இல் கடைசியில் ஒரு குறிப்பு எழுதினார். மூன்று நான்கு ஆண்டாகியும் முடியவில்லை. யாராவது தந்திரமாகவோ பலவந்தமாகவோ பறித்துவிடுவார்கள் என்று வூயோங் பயப்படுகிறார், அதனால் இது அவருக்குத்தான் என்று முன்கூட்டியே எழுதச் சொன்னார் என்று. நண்பரின் பயம் வீணில்லை. 1650இல் அப்போதைய உரிமையாளர் சாகும் தறுவாயில், தன்னோடு இதையும் எரிக்கச் சொன்னார். நெருப்பில் போட்டார்கள். உறவுக்காரப் பையன் ஒருவர் பிடுங்கி எடுத்தார். சுருள் இரண்டாகிவிட்டது. சிறிய துண்டு ஹாங்ஜோவில், ஜெஜியாங் மாகாண அருங்காட்சியகத்தில்; சுமார் அரை மீட்டர். பெரிய பகுதி ஆறு மீட்டருக்கு மேல், தைபெயில். 2011இல்தான் இரண்டையும் தைபெயில் ஒன்றாக வைத்தார்கள்.

ச்சியென்லோங்கிடம் முதலில் வந்து சேர்ந்தது இதன் ஒரு நகல். அதையே மூலம் என்று நம்பி, ஐம்பதுக்கும் மேற்பட்ட தடவை அதன்மேல் குறிப்பும் கவிதையும் எழுதினார். அடுத்த ஆண்டு உண்மையான சுருள் வந்தது. அதை நகல் என்று தீர்ப்புச் சொல்லி, சரி, நன்றாகத்தான் இருக்கிறது என்று வாங்கி வைத்துக்கொண்டார். அந்தத் தீர்ப்பால் மூலப்படம் பேரரசரின் தூரிகையிலிருந்து தப்பியது.

வெண்பலகை

அந்த நகலை இப்போது பார்க்க முடியுமா?

மைக்கூடு

முடியும், அதுவும் தைபெய் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் இணையத்தில் நல்ல படங்கள் கிடைக்கின்றன. முழுச் சுருளையும் ஒரே திரையில் சுருக்கிப் பார்க்காதீர்கள். வலமிருந்து இடமாக, இரண்டு கைகளுக்கு நடுவே விரியும் அளவு, ஒரு முழம் ஒரு முழமாக நகர்த்துங்கள், அதற்காகத்தான் வரைந்தார்கள். மூலத்தில் மலைக்கு மேல் வானம் காகிதமாகவே திறந்து கிடக்கும், நகலில் அந்த இடமெல்லாம் எழுத்து. மலைச்சரிவில் நார்நாராக இறங்கும் கோடுகளையும் ஒப்பிடுங்கள், சணல் நார்க் கோடு என்பார்கள். மூலத்தில் ஒரே சரிவுக்குள்ளேயே ஈரக் கோட்டின்மேல் காய்ந்த கோடு விழுந்திருக்கும். பல மாதம் விட்டுவிட்டு, நினைத்தபோது உட்கார்ந்து வரைந்த கை.

கரிசல்

பாதா ஷான்ரெனுக்கு (1626–1705) தனி இழை தொடங்கலாம் என்று நினைக்கிறேன். மிங் அரச வம்சத்தில் பிறந்து, அரசு வீழ்ந்ததும் துறவி ஆனவர். அவருடைய மீனும் பறவையும் வெள்ளை விழியைக் காட்டி முறைப்பதற்கே நிறையப் பேச வேண்டியிருக்கிறது. யாருக்காவது படங்கள் சேர்த்து வைக்கும் பழக்கம் இருந்தால் அங்கே கொண்டுவாருங்கள்.